சரீரத்தை அறிவோம்: பித்த அமிலங்களும் பித்தப்பையும்



மீனை அறுத்துச் சுத்தம் செய்கிற தாய்மார்களுக்கு ஒரு காரியம் நன்றாகத் தெரியும். மீனின் வயிற்றுக்குள் ஈரலோடு ஒட்டிக்கொண்டு பச்சை நிறத்தில் ஒரு சிறு பை இருக்கும். அதைப் பிச்சு என்பார்கள். கத்தி பட்டு அது உடைந்துவிட்டால் குழம்பு முழுவதும் கசந்துபோகும். கோழியிலும் ஆட்டிலும் அப்படியே. ஆகவே அதை உடையாமல் எடுத்து எறிந்துவிடுவார்கள். யோபுவும் தன் வேதனையின் உச்சத்தில், தன் பிச்சு தரையில் ஊற்றப்பட்டதாகவே புலம்புகிறான். இவ்விதமாக, அந்தச் சிறு பையைக் கசப்புக்கும் துயரத்துக்கும் அடையாளமாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம்.

ஆனால் அந்தக் கசப்பு நீர் இல்லாவிட்டால் நாம் சாப்பிடும் நெய்யும் எண்ணெயும் சரீரத்தில் சரியாகச் சேராது. அதன் கசப்புக்குக் காரணமான பித்த அமிலங்களே பித்தப்பையில் கல் உண்டாகாதபடி காக்கிறவை. அவை தங்கள் வேலையை எப்படிச் செய்கின்றன, எப்போது அந்த வேலை தடைபடுகிறது, அப்போது நாம் என்ன செய்யவேண்டும் என்பதே இந்த இதழின் பாடம்.

நாம் இதைக் கற்றுக்கொண்ட விதம்

இந்தப் பாடத்தை நாம் புத்தகத்திலிருந்து முதலில் படிக்கவில்லை. நம்முடைய தவறு ஒன்றிலிருந்துதான் படித்தோம். அதை மறைக்காமல் சொல்லுவது நல்லது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, லெந்து நாட்களில், ஞாயிறு பள்ளியில் கற்பிக்கும் ஒரு சகோதரி நம்மிடம் வந்தார். நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர். பகல் முழுவதும் ஒன்றும் உண்ணாமல் உபவாசமிருந்து, மாலையில் ஒரே வேளை சாப்பிட்டு வந்தார். "ஐயா, ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல நெஞ்சுக்குக் கீழ வலது பக்கம் பிடிச்சுக்குது. முதுகு வரைக்கும் வலி போகுது. வாயுதான்னு நினைக்கிறேன்" என்றார். நாமும் அப்படியே நினைத்தோம். "சுக்குக் கஷாயம் போட்டுக் குடியுங்கள் அம்மா. இன்னும் சில நாட்கள்தானே, உபவாசத்தை இடையில் விட்டுவிடாதீர்கள்" என்று சொல்லி, ஜெபித்து அனுப்பினோம். மருத்துவமனையின் வளாகத்திலேயே குடியிருந்துகொண்டு, இருபது அடி தூரத்திலிருந்த ஸ்கேன் அறைக்கு அவரை அனுப்ப நமக்குத் தோன்றவில்லை.

பரிசுத்த வாரத்தில் அவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். கண்கள் மஞ்சளாயிருந்தன. குளிரில் பற்கள் அடித்துக்கொண்டன. பித்தப்பையிலிருந்து ஒரு சிறு கல் நழுவி, பொதுப் பித்தக் குழாயை அடைத்திருந்தது. தேங்கிய பித்தநீரில் கிருமிகள் பெருகி இரத்தத்தில் கலக்கத் தொடங்கியிருந்தன. வாய்வழியாக எண்டோஸ்கோப்பிக் குழாயைச் செலுத்திக் கல்லை எடுத்தார்கள். சில வாரங்கள் கழித்துப் பித்தப்பையும் அகற்றப்பட்டது. அவர் பிழைத்தார். ஆனால் அந்த முதல் இரவு பிழைப்பாரா என்று அறுவை மருத்துவருக்கே நிச்சயமில்லை.

"டாக்டர், நான் உபவாசத்தைத் தொடரச் சொன்னதால்தான் இந்தக் கல் வந்ததா?" என்று கேட்டோம். அவர் சற்று யோசித்து, "இல்லை ஐயா. இந்தக் கல் பல வருஷமாக இருந்திருக்கும். ஆனால் வலி வந்தபோதே ஸ்கேன் எடுத்திருந்தால் இந்த ராத்திரி வந்திருக்காது" என்றார். பின்பு ஒரு மாலை நேரத்தில் தாளும் பேனாவும் எடுத்து, பித்தநீரின் பாதையை நமக்கு வரைந்து காண்பித்தார். அன்று கேட்டதையும், அதன்பின் நாம் தேடிப் படித்ததையும் கீழே எளிமையாகத் தருகிறோம்.

1. பித்தநீர் எங்கே உண்டாகிறது?

நம் பேச்சு வழக்கில் தலைசுற்றலும் பித்தம், காலையில் வரும் வாந்தியும் பித்தம். சித்த மருத்துவம் வாதம், பித்தம், கபம் என்று மூன்றாகச் சொல்லும் பித்தம் வேறு. இந்தப் பாடத்தில் நாம் சொல்லும் பித்தநீர், கல்லீரல் சுரக்கும் மஞ்சள் கலந்த பச்சை நிறத் திரவம். கண்ணால் காணக்கூடியது, அளக்கக்கூடியது.

கல்லீரல் இரவும் பகலும் ஓயாமல் இதைச் சுரக்கிறது. ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை உண்டாகிறது. நாம் சாப்பிடாத நேரத்தில் அதில் ஒரு பகுதி பித்தப்பைக்குள் சென்று தங்குகிறது. பித்தப்பை கல்லீரலின் அடியில் தொங்கும் ஒரு சிறு பை. பேரிக்காயைப் போன்ற வடிவம். 30 முதல் 50 மில்லிலிட்டர் வரைதான் கொள்ளும். இவ்வளவு சிறிய பையில் எப்படி அத்தனை பித்தநீரைச் சேர்த்துவைக்க முடியும்? பையின் உட்சுவர் தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சிவிடுகிறது. மீதியுள்ள பித்தநீர் பல மடங்கு கெட்டியாகிறது. பாலைச் சுண்டக் காய்ச்சுவது போன்ற காரியம் இது.

நாம் எண்ணெயோ, முட்டையோ, இறைச்சியோ சேர்ந்த ஆகாரத்தைச் சாப்பிட்டு, அது இரைப்பையைக் கடந்து சிறுகுடலின் முதற்பகுதியை எட்டியவுடன், குடலின் சுவரிலிருந்து ஒரு ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. கோலிசிஸ்டோகைனின் என்பது அதன் பெயர். பித்தப்பையை அசைப்பது என்பதே அச்சொல்லின் பொருள். ஐவி, ஓல்ட்பெர்க் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1928-ல் இதைக் கண்டறிந்தார்கள். இந்த ஹார்மோன் வந்தவுடன் பித்தப்பை சுருங்குகிறது, குழாயின் வாயிலுள்ள தசை தளர்கிறது, பித்தநீர் குடலுக்குள் பாய்கிறது.

2. பித்த அமிலம் செய்யும் வேலை

எண்ணெய்ப் பிசுக்குள்ள சட்டியை வெறும் தண்ணீரில் கழுவினால் பிசுக்கு போகாது. சீயக்காயோ சோப்போ வேண்டும். சோப்பின் ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை எண்ணெயை நாடும். இரண்டுக்கும் நடுவில் நின்று இரண்டையும் சேர்த்துவைக்கும். பித்த அமிலங்களும் அவ்வாறே. ஒரு பக்கம் தண்ணீரோடும், மறுபக்கம் கொழுப்போடும் ஒட்டும் தன்மை அவற்றுக்கு உண்டு. மாட்டின் பிச்சு சேர்த்துச் செய்த சோப்பை, துணியில் படிந்த கறையைப் போக்க ஐரோப்பாவில் நெடுங்காலமாக உபயோகித்து வந்திருக்கிறார்கள். குடலுக்குள் நடப்பதும் அதே வேலைதான். கொழுப்பைச் சிறு துளிகளாக உடைத்து, தண்ணீரில் கலக்கச் செய்து, சரீரம் உறிஞ்சிக்கொள்ளும்படி தருகின்றன. ஏ, டி, ஈ, கே ஆகிய வைட்டமின்களும் இவ்விதமாகவே உள்ளே சேருகின்றன.

இந்த அமிலங்கள் எதிலிருந்து உண்டாகின்றன என்பது ஆச்சரியமான விஷயம். கொலஸ்ட்ராலிலிருந்தே கல்லீரல் அவற்றைச் செய்கிறது. கோலிக் அமிலம், கீனோடிஆக்சிகோலிக் அமிலம் என்பவை கல்லீரல் நேரடியாகச் செய்யும் இரண்டு. குடலிலுள்ள கிருமிகள் அவற்றை மாற்றி வேறு சில அமிலங்களை உண்டாக்குகின்றன.

சரீரத்தில் மிஞ்சும் கொலஸ்ட்ரால் வெளியேறுவதற்குப் பித்தநீரே பிரதான வழி. ஒரு பங்கு பித்த அமிலமாக மாறி வெளியேறுகிறது. இன்னொரு பங்கு கொலஸ்ட்ராலாகவே பித்தநீரில் கலந்து வருகிறது. ஆனால் கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது. அதைக் கரைந்த நிலையில் வைத்திருப்பது யார்? பித்த அமிலமும், லெசித்தின் என்னும் இன்னொரு பொருளும் சேர்ந்து அதைச் சுற்றிப் பிடித்து, மிதக்கும் நுண்ணிய உருண்டைகளாக்கிச் சுமந்து செல்லுகின்றன. கொலஸ்ட்ராலிலிருந்து பிறந்த பித்த அமிலமே, மீதியுள்ள கொலஸ்ட்ராலைக் கல்லாகிவிடாமல் காக்கிறது.

கொலஸ்ட்ரால் என்ற பெயரும் பித்தப்பைக் கல்லிலிருந்தே வந்தது. பிரெஞ்சு வேதியியலர் செவ்ரூல் 1815-ல், பித்தப்பைக் கல்லில் கிடைத்த வெண்மையான மெழுகு போன்ற பொருளுக்குக் கிரேக்கச் சொற்களைச் சேர்த்துப் பெயரிட்டார். 'கோலே' என்றால் பித்தம், 'ஸ்டெரியோஸ்' என்றால் கெட்டியானது. இன்று எல்லோரும் இருதயத்தோடு சேர்த்தே பேசும் அந்தப் பொருள், முதலில் அறியப்பட்டது பித்தப்பையில்தான். பித்த அமிலங்களின் அமைப்பை ஆராய்ந்ததற்காக ஜெர்மானியரான ஹைன்ரிச் வீலாண்டுக்கு 1927-ம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

3. போய்த் திரும்பும் பிரயாணம்

நம் சரீரத்தில் உள்ள பித்த அமிலத்தின் மொத்த அளவு மிகவும் கொஞ்சம். 2 முதல் 4 கிராம், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. இந்தக் கொஞ்சத்தைக்கொண்டு ஒரு நாள் போஜனத்தில் உள்ள கொழுப்பை எல்லாம் எப்படிச் செரிக்க முடியும்?

பித்த அமிலம் ஒரே முறை உபயோகித்து எறியப்படுவதில்லை. குடலில் தன் வேலையை முடித்தபின், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அது திரும்ப உறிஞ்சப்படுகிறது. அங்கிருந்து இரத்தக் குழாய் வழியாகக் கல்லீரலுக்குத் திரும்பி, மறுபடியும் பித்தநீரில் சேருகிறது. நூற்றில் சுமார் 95 பங்கு இப்படித் திரும்பிவிடும். ஒரு நாளில் ஆறு முதல் பத்து தடவை வரை இந்தச் சுற்று நடக்கிறது. மலத்தில் போவது ஏறக்குறைய அரை கிராம்தான். அந்த அரை கிராமைக் கல்லீரல் புதிதாகச் செய்து ஈடுசெய்கிறது. எவ்வளவு திரும்பி வந்தது என்பதைக் கல்லீரலும் குடலும் உணர்ந்து, அதற்கேற்பப் புதிய உற்பத்தியைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன. இதற்கு உதவும் உணர்வி எது என்பது 1999-ல்தான் கண்டறியப்பட்டது.

இந்தச் சுற்று ஓடிக்கொண்டிருப்பது பித்தப்பையின் சுகத்துக்கு அவசியம். நாம் சாப்பிடும்போது பை காலியாகிறது, அமிலங்கள் சுற்றி வருகின்றன, புதிய பித்தநீர் வருகிறது. பல மணி நேரம் ஒன்றும் உண்ணாமல் இருந்தால் பெரும்பங்கு அமிலம் பைக்குள்ளேயே தங்கிவிடும். கல்லீரலுக்குத் திரும்பி வருவது குறையும். ஆனால் கல்லீரலிலிருந்து கொலஸ்ட்ரால் வருவது அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஆகவே வெறும் வயிற்றில் நீண்ட நேரம் கழித்துச் சுரக்கும் பித்தநீரில், அமிலத்தோடு ஒப்பிட்டால் கொலஸ்ட்ரால் அதிகமாயிருக்கும். சிறுகுடலின் கடைசிப் பகுதி வியாதிப்பட்டவர்களுக்கும், அறுவையில் அது நீக்கப்பட்டவர்களுக்கும் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு அதிகம். அமிலம் திரும்பும் பாதை அவர்களுக்குக் குறுக்கப்பட்டுவிட்டது.

4. கல் உண்டாவது எப்படி?

தேநீரில் சர்க்கரையைப் போட்டுக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்துக்கு மேல் அது கரையாமல் அடியில் தங்கிவிடும். பித்தநீரிலும் அவ்வாறே. பித்த அமிலம், லெசித்தின், கொலஸ்ட்ரால் ஆகிய மூன்றும் எந்த அளவில் இருந்தால் பித்தநீர் தெளிவாயிருக்கும், எந்த அளவைத் தாண்டினால் படிகம் விழும் என்பதை அட்மிராண்ட், ஸ்மால் என்னும் இரு மருத்துவர்கள் 1968-ல் ஒரு முக்கோண வரைபடமாகவே காண்பித்தார்கள். கல் உண்டாவதற்குப் பொதுவாக மூன்று காரணங்கள் ஒன்றுசேர வேண்டும்.

முதலாவது, பித்த அமிலத்தால் தாங்க முடியாத அளவுக்குக் கொலஸ்ட்ரால் சேருதல்.

இரண்டாவது, படிகம் பற்றிக்கொள்ளச் சளி போன்ற பிசின் பையில் இருத்தல்.

மூன்றாவது, பித்தப்பை சரியாகச் சுருங்காமல் பித்தநீர் தேங்குதல்.

முதலில் சேறு போன்ற கசடு தங்கும். பின்பு அது மணலாகி, மணல் கல்லாகும். இதற்கு மாதங்களும் வருடங்களும் ஆகலாம்.

ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் பித்தநீரில் கொலஸ்ட்ராலைக் கூட்டுகிறது. கர்ப்ப காலத்தில் மிகுதியாகும் புரோஜெஸ்டிரோன் பித்தப்பையின் சுருக்கத்தைத் தளர்த்துகிறது. வயது ஏறுதல், உடல் பருமன், குடும்பத்தில் பிறருக்கு இருந்திருத்தல் ஆகியவையும் காரணங்கள். பருமனானவர்கள் பட்டினி கிடந்து மிக வேகமாக எடையைக் குறைத்தாலும் கல் உண்டாகும். கொழுப்புத் திசு கரையும்போது கொலஸ்ட்ரால் பித்தநீருக்குள் அதிகமாக வருகிறது, அதே நேரத்தில் போஜனம் குறைந்ததால் பித்தப்பையும் சுருங்குவதில்லை. வாய்வழி ஆகாரமின்றி வாரக்கணக்கில் நரம்புவழிச் சத்து ஏற்றப்படும் பிணியாளர்களுக்கும் இப்படியே கசடு தங்குவதை மருத்துவர்கள் காண்கிறார்கள்.

5. எல்லாக் கல்லும் ஒன்றல்ல

இதுவரை சொன்னது கொலஸ்ட்ரால் கற்களைப் பற்றியது. மேலைநாடுகளிலும் வட இந்தியாவிலும் இவையே மிகுதி. வேறொரு வகை நிறமிக் கற்கள். இரத்தத்தின் சிவப்பணுக்கள் அழியும்போது வரும் பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப்பொருளும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து இவை உண்டாகின்றன. சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் பரம்பரை இரத்த வியாதியுள்ள சிறு பிள்ளைகளுக்கும் கறுப்பு நிறக் கற்கள் வருவதுண்டு. பித்தக் குழாயில் கிருமித் தொற்று நீடித்தால் பழுப்பு நிறக் கற்கள் வரும். வட இந்தியாவோடு ஒப்பிட்டால் தென்னிந்தியாவில் பித்தப்பைக் கல் குறைவு. ஆனால் வருகிற கற்களில் நிறமிக் கற்களின் பங்கு இங்கே அதிகம். இது நமக்கு ஏன் முக்கியம் என்பது அடுத்த பகுதியில் விளங்கும்.

6. மாத்திரையால் கல் கரையுமா?

இது நம் வார்டுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. "ஐயா, ஆபரேஷன் இல்லாம கரைச்சிடலாம்னு சொல்றாங்களே?" என்று படுக்கையிலிருந்தே கேட்பார்கள். பதில் ஒரு பாதி ஆம், ஒரு பாதி இல்லை.

பித்த அமிலம் கொலஸ்ட்ராலைக் கரைக்கும் என்றால், அதையே மருந்தாகக் கொடுத்தால் என்ன? 1972-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் கீனோடிஆக்சிகோலிக் அமிலத்தைக் கொடுத்து, சிலருடைய கற்கள் சிறுத்ததையும் மறைந்ததையும் அறிவித்தார்கள். உலகமே மகிழ்ந்தது. ஆனால் 1981-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், நாளொன்றுக்கு 750 மில்லிகிராம் வீதம் இரண்டு வருடம் உட்கொண்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேருக்கே கல் முழுவதும் கரைந்தது. வயிற்றுப்போக்கும், கல்லீரலில் சில பாதிப்புகளும் காணப்பட்டன.

அதன்பின் வந்தது அர்சோடிஆக்சிகோலிக் அமிலம். இது கரடியின் பித்தநீரில் மிகுதியாக உள்ளது. சீன வைத்தியத்தில் கரடிப் பித்தம் நூற்றாண்டுகளாக மருந்தாக இருந்தது. 1927-ல் ஜப்பானில் இதைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். இன்று இதற்காகக் கரடியைத் தேட வேண்டியதில்லை, வேதியியல் முறையில் தயாரிக்கிறார்கள். முந்தையதைவிட இது சாந்தமான மருந்து. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. கல் சிறிதாயிருக்க வேண்டும், கொலஸ்ட்ரால் கல்லாயிருக்க வேண்டும், சுண்ணாம்பு படிந்திருக்கக் கூடாது, பித்தப்பை நன்றாகச் சுருங்க வேண்டும். மாதக்கணக்கில், சில சமயம் இரண்டு வருடம் வரையிலும் சாப்பிடவேண்டும். கரைந்தபின் மருந்தை நிறுத்தினால், ஐந்து வருடங்களுக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கல் மறுபடியும் வருகிறது. நிறமிக் கல்லை இது கரைக்காது. ஆகவே நம் பகுதியில் இந்த மாத்திரையால் முழுப் பலன் பெறுவோர் சிலரே. எடையை வேகமாகக் குறைக்க அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கல் வராமல் தடுக்க இது உதவுகிறது. யாருக்கு ஏற்றது என்பதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

இன்னொரு காரியத்தையும் எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும். ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் இரவில் நிறையக் குடித்தால் காலையில் பச்சை நிறக் கற்கள் மலத்தில் வெளியேறும் என்று சிலர் பரப்புகிறார்கள். பச்சை உருண்டைகள் வருவது உண்மைதான். 2005-ல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் இரு மருத்துவர்கள் அவற்றைப் பரிசோதித்து எழுதினார்கள். அவற்றில் கொலஸ்ட்ராலும் இல்லை, பிலிருபினும் இல்லை. குடித்த எண்ணெயே குடலில் சோப்புக் கட்டியாக மாறி வெளிவந்திருந்தது. கல் பித்தப்பையிலேயே இருந்தது. இதை நம்பிக் காலம் தாழ்த்துகிறவர்கள் நம் சகோதரியைப் போல ஆட்டோவில் வரவேண்டியதாகும்.

7. பித்தப்பையை எடுத்துவிட்டால்?

1882-ம் ஆண்டு ஜூலை 15-ல், பெர்லின் நகரிலிருந்த லாசரு மருத்துவமனையில், கார்ல் லாங்கன்புக் என்னும் அறுவை மருத்துவர் முதன்முதலாக ஒரு மனிதரின் பித்தப்பையை அகற்றினார். கல்லை மட்டும் எடுத்தால் போதாது, கல்லை உண்டாக்கும் பையையே எடுக்கவேண்டும் என்பது அவர் வாதம். 1985-ல் அதே ஜெர்மனி தேசத்தில் எரிக் மூஹே என்பவர் சிறு துளைகள் வழியாக அதைச் செய்து காட்டினார். இன்று பெரும்பாலும் இப்படியே நடக்கிறது. சிக்கல் இல்லாதவர்கள் ஓரிரு நாட்களில் வீடு திரும்புகிறார்கள்.

பை இல்லாமல் எப்படிச் சாப்பிடுவது என்று அநேகர் பயப்படுகிறார்கள். பித்தநீரை உண்டாக்குவது கல்லீரல், பித்தப்பை அல்ல. பை போனபின் பித்தநீர் நேரடியாகக் குடலுக்குள் சிறிது சிறிதாக வடியும். பித்த அமிலங்களின் சுற்றும் நடந்துகொண்டே இருக்கும். சிலருக்கு மட்டும் அமிலம் பெருங்குடல் வரை அதிகமாகச் சென்று, மலம் இளகலாகப் போகும். அநேகருக்கு அது நாளடைவில் சரியாகிவிடும், நீடித்தால் மருந்து உண்டு.

அதே சமயம், ஸ்கேனில் கல் தெரிந்த எல்லோருக்கும் அறுவை வேண்டியதில்லை. கல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுவதும் ஒரு தொந்தரவும் வருவதில்லை. வலி வந்தவர்களுக்குத்தான் அது மறுபடியும் வரும், சிக்கலும் வரும்.

8. உபவாசமும் ஒழுங்கான போஜனமும்

உபவாசத்தை நாம் தள்ளிவிடச் சொல்லவில்லை. சுகமுள்ளவர்கள் ஒரு வேளை, ஒரு நாள் உண்ணாதிருப்பதால் கல் முளைத்துவிடாது. ஆனால் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கும்படி வேண்டுகிறோம்.

பித்தப்பையில் கல் இருப்பதாக அறிந்தவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை வியாதியுள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டே நீண்ட உபவாசம் இருக்கவேண்டும்.

பகல் முழுவதும் பட்டினியிருந்து, மாலையில் வடையும் பிரியாணியுமாக உபவாசத்தை முடிப்பது நல்லதல்ல. நிறைந்து கெட்டியான பித்தநீரோடு இருக்கும் பை அப்போது பலமாகச் சுருங்குகிறது. கல் இருந்தால் அது கழுத்தில் வந்து சிக்கிக்கொள்ளும். நம் சகோதரிக்கு இரவுதோறும் வந்த வலி இதுவே.

எடையைக் குறைக்க வேண்டியவர்கள் மெதுவாகக் குறைக்கவேண்டும். எண்ணெயை அடியோடு விலக்குவதும் பித்தப்பைக்கு உதவாது. கல் இல்லாதவர்களுக்கு, கொஞ்சம் கொழுப்பு வந்தால்தான் பை சுருங்கிக் காலியாகும்.

நேரத்துக்குச் சாப்பிடுதல், கீரை, பயறு, காய்கறி, தவிடு நீக்காத தானியம், நாள்தோறும் நடை ஆகியவை நல்லது. நார்ச்சத்து மலச்சிக்கலைத் தடுக்கிறது. மலம் நெடுநேரம் தங்கினால் குடற்கிருமிகள் டீஆக்சிகோலிக் என்னும் அமிலத்தை மிகுதியாக்கும். அது மிகுந்தால் பித்தநீரில் கொலஸ்ட்ரால் படிவது எளிதாகும்.

9. எப்போது உடனே வரவேண்டும்?

இந்த இதழைச் சுவரில் ஒட்டுவதானால் இந்தப் பகுதியை மட்டுமாவது ஒட்டுங்கள்.

சாப்பிட்டபின் மேல் வயிற்றின் நடுவிலோ வலப்புறத்திலோ தொடங்கி, முதுகுக்கோ வலது தோள்பட்டைக்கோ பரவி, அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கும் வலி ஒரு முறை வந்தாலும் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். அதற்கு ஊசியும் இல்லை, வலியும் இல்லை. மேல் வயிற்று வலியோடு வியர்வையோ மூச்சுத் திணறலோ இருந்தால் அது இருதய வியாதியாகவும் இருக்கலாம். ஆகவே "வாயு" என்று வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லவேண்டாம்.

வலி பல மணி நேரம் விடாமல் நின்றாலும், காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வந்தாலும், கண்கள் மஞ்சளானாலும், சிறுநீர் கறுத்து மலம் வெளுத்தாலும் அன்றைக்கே வாருங்கள். இரவானாலும் வாருங்கள். மஞ்சள் காமாலை என்று சொல்லிப் பச்சிலைக்கு அலைந்து நாட்களைப் போக்காதீர்கள். பித்தக் குழாயில் சிக்கிய கல்லைப் பச்சிலை நகர்த்தாது.

முடிவாக

அந்தச் சகோதரி இப்போதும் ஞாயிறு பள்ளியில் கற்பிக்கிறார். லெந்து நாட்களில் பழமும் கஞ்சியும் எடுத்துக்கொண்டு, மற்ற ஆகாரங்களை விலக்குகிறார். நாம் அவரிடம் மன்னிப்புக் கேட்டபோது, "நீங்க டாக்டர் இல்லையே ஐயா, நானும்தான் வாயுன்னு நினைச்சேன்" என்றார். அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் அன்றுமுதல், ஜெபத்துக்கு வருகிறவர்கள் வலி என்று சொன்னால், ஜெபித்தபின் நாமே அவர்களோடு நடந்து வெளிநோயாளர் பகுதிக்குச் செல்லுகிறோம். போதகர்களும், சபை மூப்பர்களும், பெண்கள் ஐக்கியத் தலைவிகளும் அப்படியே செய்யும்படி அன்போடு கேட்டுக்கொள்ளுகிறோம்.

கலந்துரையாடலுக்குச் சில கேள்விகள்

1. பித்த அமிலத்தைச் சோப்புக்கு ஒப்பிடுவது ஏன்?

2. ஒரு நாளில் பித்த அமிலம் எத்தனை முறை சுற்றி வருகிறது? நீண்ட பட்டினியில் அந்தச் சுற்றுக்கு என்ன நேரிடுகிறது?

3. நம் பகுதியில் கரைக்கும் மாத்திரை ஏன் எல்லோருக்கும் பலன் தருவதில்லை?

4. நம் சபையில் ஒருவர் "சாப்பிட்டால் வலிக்கிறது" என்று சொன்னால், இனி நாம் முதலாவது செய்யவேண்டியது என்ன?